கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு எப்படீங்க வர்றது? கொங்குச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருசத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தறிக்குடோன், கோழிப்பண்ணை, மில் ஆஸ்டல், லைன் வீடு என்று நடந்த காலம். ஓய்வு பெற்ற பிறகும் "நர்சம்மா, ஒரு சந்தேகமுங்க" என்று போன் வருவது நிற்கவில்லை. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில காசே வாங்கறதில்லை. அப்புறமும் நம்ம சனம் ஏனுங்க சீக்கு முத்துன பொறகே வருது?

காசு வாங்குவதில்லை என்பது பாதிதான் உண்மை. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காத்தால ஓ.பி.க்கு வந்தால் அன்றைக்குத் தைக்க முடியாது. ரத்தம் எடுக்க இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். ரிசல்ட் வாங்க மூன்றாம் நாள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால் பாதி வாரம் காணாமல் போயிருக்கும். வாடகையும் மளிகைக்கடைப் பாக்கியும் அந்தக் கவரை நம்பித்தான் நிற்கின்றன. மூன்று நாள் கூலிதான் அவளுக்கு இலவச வைத்தியத்தின் விலை. அதற்குப் பதிலாக மருந்துக்கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிடுகிறாள். "விவரம் பத்தாது" என்று மேடையில் பேசுவார்கள். நான் பார்த்த பெண்களுக்கு விவரம் நன்றாகவே இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒரு நாள் லீவு.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. பிறகு 2024-ல் தொழிற்சாலைகளுக்குள்ளும் அந்தப் பரிசோதனையைக் கொண்டுபோனார்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் பலவற்றில் சாயங்கால ஓ.பி.யும் உண்டு. ஷிப்ட் விட்டு வரும் வழியில் எது இருக்கிறது, எத்தனை மணி வரை பார்ப்பார்கள் என்று ஒரு தடவை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மில்லுல பஞ்சைச் சீவற கார்டிங்ல நிக்கறேன். ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருக்குது, திங்கக்கிழமை பொழுதோட நெஞ்சைப் புடிச்சுக் கட்டுன மாதிரி ஆகுதுங்க. ஏன்?

இதைக் கேட்டவுடன் என் காது கூர்மையாகிவிடும். பஞ்சுத்தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் முதல் அடையாளமே இந்தத் திங்கட்கிழமைதான். ஒரு நாள் லீவில் நுரையீரல் கொஞ்சம் தேறுகிறது. திரும்பத் தூசிக்குள் போன முதல் நாள் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. செவ்வாய், புதன் ஆனால் பழகிப்போய்விடும். பழகியது உடம்புதான், கெடுதல் குறையவில்லை. இதை அப்படியே விட்டால் திங்கள் மட்டும் இருந்த இறுக்கம் வாரம் பூராவும் ஆகும், பிறகு ஞாயிறும் விடாது. அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் வேலையை விட்டாலும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பஞ்சுப் பொதியை (பேல்) உடைக்கிற இடம், பஞ்சை அடித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங் இவைதான் மோசம். நூல் சுற்றும் கோன் வைண்டிங் பக்கம் தூசி குறைவு. கைக்குட்டையை மூக்கில் கட்டுவது கண்ணுக்குத் தெரிகிற பஞ்சைத் தடுக்கும். நுரையீரலுக்குள் இறங்குகிற நுண்தூசியைத் தடுக்காது. ஷிப்ட் முடிவில் மெஷினைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இரட்டைக் கேடு.

டாக்டரிடம் போகும்போது "மூச்சு வாங்குது" என்று மட்டும் சொன்னால் ஆஸ்துமா என்று எழுதி அனுப்பிவிடக்கூடும். எந்த மில்லில் எந்தப் பிரிவு, எத்தனை வருசம், திங்கட்கிழமை கதை எல்லாவற்றையும் சொல்லுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இது சட்டப்படி தொழில்வழி நோய். தொழில்வழி நோய்களின் சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது, அதாவது நஷ்டஈட்டுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை கிடைக்க வேண்டுமானால் நோயின் பெயர் சீட்டில் ஏற வேண்டும். நான் பார்த்த எத்தனையோ பேருக்கு அது கடைசி வரை "பழைய சளி" என்றேதான் இருந்தது.

ரூம்ல எட்டுப் பேரு தங்கியிருக்கறோம். ஒருத்தனுக்கு மூணு வாரமா இருமல். டி.பி.யா இருந்தா எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்குது.

பயம் நியாயமானது. ஆனால் சோதனை செய்யாமல் இருந்தால்தான் எட்டுப் பேருக்கும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவது, சளியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுங்கள். சோதனையும் மாத்திரையும் இலவசம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் மாத்திரை. சரியான மருந்து உள்ளே போய் இரண்டு வாரம் ஆனாலே பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம், ஜன்னல் திறந்த அறை, தனிப் பாய். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை. அது காற்றில் பரவும் நோய்.

எங்கள் தலைமுறைக்குப் பெருந்துறை என்றாலே டி.பி. சானடோரியம்தான். காய்ந்த காற்று நல்லது என்று அங்கே கொண்டுபோய் விடுவார்கள், திரும்பி வருவார்களா என்று வீட்டில் வெசனப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் வீட்டு ஓனர்களின் மனதில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு மருந்து இருக்கிறது. குறைச்சல் சோற்றில்தான். ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் கூடுதல் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி மாதிரி சோறு வேலை செய்திருக்கிறது! திருப்பூரில் தங்கியிருக்கும் பையன்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்ப, இரண்டு வேளையும் வெறும் உருளைக்கிழங்கும் சோறும் தின்கிறவர்கள்.

சிகிச்சையில் இருக்கும்வரை மாதம் 1000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500. ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் பாதியில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் நிக்ஷய் எண்ணை (டி.பி. சிகிச்சைப் பதிவு எண்) சொன்னால் எந்த மாநிலத்திலும் தொடர்ந்து கொடுப்பார்கள்.

சம்பளத்துல ஈ.எஸ்.ஐ.ன்னு புடிக்கறாங்க, கார்டு மட்டும் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறாங்க. அதுல என்னதான் கெடைக்கும்?

மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பீஸ் ரேட்டும் சம்பளம்தான். காண்ட்ராக்டர் மூலம் வந்தாலும் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து உங்கள் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். ஒவ்வொரு கம்பெனியிலும் புது எண் போட விடாதீர்கள். பழைய எண்ணையே கொடுங்கள். பழைய நாட்கள் கணக்கில் சேர்ந்தால்தான் பெரிய உதவிகள் கிடைக்கும்.

பலரும் மருந்து வாங்க மட்டும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் லீவு எழுதினால் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். டி.பி. போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருசம் வேலையில் இருந்தவர்களுக்கு, 80 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு வருசம் வரைக்கும் நீளும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஆனால் ஒரு குறை. நோய் லீவில் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. வாரக்கூலிக்காரர் ஆஸ்பத்திரிக்கு எடுக்கிற லீவே பெரும்பாலும் அந்த இரண்டு நாள்தான். இந்த விதி மாற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தறிக்குடோனில் நாலு பேர், வீட்டில் செக்கிங் வேலை, செங்கல் சூளை என்று இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை. கலெக்டர் ஆபீசில் பதிவு செய்வார்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆனால் அது ஆபரேஷன், அட்மிஷனுக்கு உதவும். இழந்த கூலியைத் தராது.

நான் மில் ஆஸ்டல்ல இருக்கறேனுங்க. எந்நேரமும் அசதி, மாடி ஏறினா படபடன்னு அடிக்குது. மாசாமாசம் தூரம் வந்து வயித்து வலின்னு சொன்னா சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தர்றாங்க, அதைப் போடலாமா?

கண்ணு, அசதிக்குக் காரணம் பெரும்பாலும் ரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் சோகை. எட்டுக்குக் கீழே போயும் நைட் ஷிப்ட் பார்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே கிடைக்கும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சத்து ஏறாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள். குடல்புழு மாத்திரையும் கேட்டு வாங்கு.

பெயர் தெரியாத மாத்திரையைப் போடாதே. அட்டை எங்கே, என்ன மருந்து என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. வலிமாத்திரையை வெறும் வயிற்றில் மாதாமாதம் போட்டால் குடலில் புண்ணாகும், சிறுநீரகமும் கெடலாம். ஒன்னுக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பழக்கம் ஒன்று எல்லா ஆஸ்டலிலும் உண்டு. சிறுநீர்ப்பாதைப் புண்ணுக்கு அதுதான் முதல் வாசல். எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்.

பீகார்க்காரங்க கொழந்தைக்கு ஆதார் இல்லை. தடுப்பூசி போடுவீங்களா?

போடுவார்கள். ஆதாரும் வேண்டாம், ரேஷன் கார்டும் வேண்டாம். பிறந்ததிலிருந்து என்னென்ன போட்டது என்ற பழைய அட்டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வயதைப் பார்த்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் தடுப்பூசி போடும் புதன்கிழமை கையோடு கூட்டிவாருங்கள். இந்தி தெரியாது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

நாங்க மலைக்காரங்க, கீழ கம்பெனி வேலைக்கு வந்திருக்கறோம். எம் பையனுக்கு அடிக்கடி கைகால் மூட்டெல்லாம் வலின்னு துடிக்கறான், கண்ணு மஞ்சளாகுது. மந்திரிச்சும் நிக்கல.

ஒரு சொட்டு ரத்தம் கொடுத்து அரிவாள் செல் சோதனை செய்துவிடுங்கள். ரத்தச் சிவப்பணு வட்டமாக இருக்க வேண்டியது, இந்த நோயில் கருக்கரிவாள் போல வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பிராணவாயு போகாது. வலி அதனால்தான். பையன் நடிக்கவில்லை. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானதே 1952-ல் நீலகிரி மலைமக்களிடம்தான். இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் அதிகம். மலேரியா மிகுந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு இந்த மரபணு ஒற்றையாக, அதாவது அப்பன், ஆத்தா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தபோது, மலேரியாவுக்குக் காவலாக இருந்தது. சாபமோ, அசுத்தமோ இல்லை.

அப்பன், ஆத்தா இரண்டு பேரும் ஒற்றை மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒற்றையாகச் சுமப்பவர்களுக்குச் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன் சோதனை செய்யச் சொல்கிறோம். பெண்ணை ஒதுக்கி வைக்க இல்லை, தெரிந்து முடிவெடுக்க. 2023 ஜூலை 1 முதல் இதற்கென்றே தேசியத் திட்டம் நடக்கிறது. 40 வயது வரை உள்ளவர்களுக்குச் சோதனை இலவசம். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் தொடர்ந்து சாப்பிட்டால் வலி வருவது வெகுவாகக் குறையும்.

மலையில் இருந்தவரை குளிரும் காய்ச்சலும் வலியைக் கிளப்பும். இறங்கி வந்து ஸ்டீம் அயர்னிங் சூட்டில் தண்ணீர் குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் அதே வலி வரும். ஆனைகட்டி, தாளவாடி, கடம்பூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்து ஆள் கூட்டிவரும் காண்ட்ராக்டர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோய் உள்ளவருக்குக் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே 108.

தறி ஓனர்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன், அடைக்க முடியல. சிறுநீரகம் குடுத்தா லட்சக்கணக்குல தர்றாங்கன்னு ஒரு ஆள் சொல்றான். ஒன்னு இருந்தாப் போதும்ங்கறாங்களே?

வேண்டாமுங்க. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் இப்படி ஏமாந்த கதை 2025-லும் செய்தியானது. பேசிய தொகை முழுசாகக் கைக்கு வராது, வாங்கிய கடனும் தீராது. ஒரு சிறுநீரகத்தோடு நல்லபடியாக வாழ முடியும் என்பது உண்மை. எப்போது? நல்ல சாப்பாடு, வருசாவருசம் சோதனை, பிரஷர் கட்டுப்பாடு எல்லாம் இருந்தால். ஆபரேஷன் முடிந்து சில மாதம் பாரம் தூக்கக் கூடாது. தறி ஓட்டுகிறவருக்கு அந்த மாதங்களுக்குக் கூலி யார் தருவார்கள்? உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் வருசச் சட்டப்படி குற்றம். ஐந்து முதல் பத்து வருசம் ஜெயில். மாட்டுகிறபோது இடைத்தரகன் இருக்க மாட்டான்.

முன்பணத்தைக் காட்டி உங்களை வேறிடம் போக விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் வருசச் சட்டப்படி ஒழிக்கப்பட்டது, அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள்.

வீட்டு செப்டிக் டேங்க், சாயப்பட்டறைத் தொட்டி கழுவ எங்களைத்தான் கூப்பிடறாங்க. நாத்தம் கொஞ்ச நேரத்துல போயிருது, எறங்கலாம்ங்கறாங்க.

இறங்காதீர்கள். நாத்தம் போய்விட்டது என்றால் விஷவாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடும். வாசம் தெரியாமல் போவதுதான் கடைசி எச்சரிக்கை. ஒருவர் விழுந்தவுடன் காப்பாற்ற இறங்கிய தம்பியும் மாமனும் சேர்ந்து போன வீடுகள் இருக்கின்றன. யாராவது விழுந்தால் மேலே நின்று 108-க்கும் தீயணைப்புக்கும் போன் செய்யுங்கள். கயிறு கட்டிக்கொண்டுகூட ஒருவரும் இறங்கக் கூடாது.

இந்த வேலைக்குக் கூப்பிடப்படுபவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். கொங்கில் அது பெரும்பாலும் அருந்ததியர் வீட்டு ஆண்கள். மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல், தோல் புண் எல்லாம் ஒரே தெருவில் குவிவதற்கு ரத்தம் காரணமில்லை. சாதி பார்த்து வேலை கொடுப்பதுதான் காரணம். 2013-ஆம் வருசச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவது குற்றம். இறந்தால் 30 லட்சம் நஷ்டஈடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உள்ளே இறக்குபவர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதைத் தோட்டத்துக்காரரும் பட்டறைக்காரரும் தெரிந்துகொள்ளட்டும். கழிவு அள்ளும் லாரிக்கு ஆகும் செலவு ஒரு உயிரைவிடப் பெரிசில்லை.

பத்து நாளைக்கொருக்காத்தான் தண்ணி வருது. டிரம்ல புடிச்சு வைக்காம என்ன பண்றது?

பிடித்து வையுங்கள், வேறு வழியில்லை. ஆனால் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒரு தடவை காலி செய்து, உள் விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை விளிம்பில் ஒட்டிக் காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீரை ஊற்றி விட்டால் மட்டும் போகாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை போடக் கூடாது. நொய்யல் ஓரத்துப் போர் தண்ணீரின் உப்பு கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

வீட்டுக்காரர் நாமக்கல்லுல லாரி ஓட்டறார். எச்.ஐ.வி. சோதனை பண்ணலாம்னு எப்படீங்க வாயைத் திறந்து சொல்றது?

அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மிணி. நீங்கள் மட்டும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும், இலவசம், ரகசியம். நாமக்கல் லாரித் தொழிலில் வாரக்கணக்கில் வீட்டை விட்டு ஓடியவர்களையும், அவர்கள் வீட்டில் காத்திருந்த பெண்களையும் அந்த நோய் ஒரு காலத்தில் வாரிக்கொண்டு போனது. ஏச்சு மட்டும் பெண்களுக்கே அதிகம் கிடைத்தது. இன்றைக்குத் தினம் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதை 2017-ஆம் வருசச் சட்டம் தடுக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் 1097.

நான் இருபது மிஷின் போட்டு கம்பெனி நடத்தறேனுங்க. பெரிய செலவில்லாம நான் என்ன பண்ணலாம்?

குடிதண்ணீரும் பூட்டி வைக்காத கழிவறையும் முதலில். அப்புறம், யாருக்காவது இருமல், காய்ச்சல் என்றால் மூன்று மணி நேரம் அனுப்பி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள். மாசத்துக்கு ஒரு நாள் மொபைல் எக்ஸ்ரே வேன், சுகர் பிரஷர் பரிசோதனைக் குழு உங்கள் வாசலுக்கு வர வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு சின்ன கம்பெனிக்காரர் இதைச் செய்தார். முதல் வாரம் ஒருத்தர்தான் சீட்டோடு வந்தார். சனிக்கிழமை கவரில் கூலி குறையவில்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை காத்தால மூன்று பேர் வாசலில் நின்றார்கள்: "எங்களுக்கும் ரொம்ப நாளா இருமல் இருக்குதுங்க."